எக்ஸ்ரே கண்ட சொப்பனம்

என் நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, உள்ளே ஓர் உலோக வால்வைப் பொருத்தி, கம்பி போட்டுக் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. நான் மயக்கத்தில் கிடந்தேன், உழைத்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் அதற்கு முன்னால் நடந்த கூத்து முழுக்க நான் விழித்திருக்கும்போதே நடந்தது. பெரும்பாலான காட்சிகளில் கோமாளி வேஷமும் என்னுடையதுதான். அந்தக் கதையை எங்கள் சபையில் இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லா விதத்திலும் நான் நல்லவனாக வருகிறேன். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாரண்டஹள்ளியில் பந்தல், நாற்காலி, சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். பெயர் சாலமோன். அந்தப் பெயர் வைத்திருந்த ராஜாவுக்கு ஞானம் கிடைத்தது, எனக்கு ஸ்பீக்கர் பெட்டி கிடைத்தது. தக்காளி மண்டிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சபை எங்களுடையது. ஞாயிறுதோறும் அங்கே மைக் செட் என் உபயம். வாடகை பரலோகத்தில் வரவு வைக்கப்படுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் சபையில் கனவு வேறு, சொப்பனம் வேறு. தக்காளி விலை ஏறுவதாகத் தூக்கத்தில் தெரிந்தால் அது கனவு. கர்த்தர் பேசினால் அது சொப்பனம். எது எது என்று பிரித்துச் சொல்பவர் எலிசபெத் அக்கா. பகலில் ஜாக்கெட் தைப்பவர். பாம்பு வந்தால் எதிராளி, பல் விழுந்தால் வீட்டில் துக்கம், வண்டி ஓட்டினால் ஊழியம் என்று அளவெடுத்தமாதிரி சொல்வார். அதோடு எங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணமோ, வீடோ, நிலமோ, பெரிய காரியம் எதுவானாலும் ஒருவர் கண்ட சொப்பனம் போதாது. இன்னொருவருக்கும் அதே வர வேண்டும். அதற்குப் பெயர் ‘உறுதி’. உறுதி வராமல் எங்கள் ஆட்கள் கோழிக்கூண்டுகூடக் கட்ட மாட்டார்கள்.

இந்த வழக்கத்துக்குக் காவல்காரர் என் அண்ணன் அருள்தாஸ். சபை மூப்பர், எங்கள் குடும்பத்துக்குத் தலைவர், அப்பாவுக்கு அப்புறம் அப்பா. அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இரண்டு பேருக்கு ஒரே முகம் சொப்பனத்தில் வந்தது. தங்கமான மாப்பிள்ளை. அதே அண்ணன் நிலத்தில் போர்வெல் போட வேண்டிய மூலையும் இரண்டு பேருக்குக் காட்டப்பட்டது. அங்கே தண்ணீருக்குப் பதில் புழுதி கிளம்பி அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் அழுக்கானது. “மூலை சரிதான்டா, ஆழம்தான் பத்தல” என்று இன்றைக்கும் சொல்வார்.

எனக்கு வந்த சொப்பனம் இதுதான். ஒகேனக்கல் அருவிக்குக் கீழே நிற்கிறேன். தண்ணீர் முகத்தில் விழுகிறது. விலக நினைக்கிறேன், கால் வரவில்லை. தண்ணீர் மேலே மேலே ஏறி வாய்க்குள் போகிறது. கத்துகிறேன், சத்தம் வரவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரனுக்கு இதைவிடக் கேவலமான கனவு இருக்க முடியாது. உதறி எழுந்து கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். என் மனைவி ரெஜினா ஜன்னலைத் திறந்துவிட்டு முதுகைத் தேய்ப்பாள். முதலில் எப்போதாவது வந்தது, பிறகு தினமும் வந்தது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் நான் படுக்கிறேனா உட்கார்ந்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். பகலில் நாற்காலி அடுக்கும்போதும் இரைத்தது. வயிற்றைப் பார்த்துக்கொண்டேன். காரணம் கண்ணெதிரே தொங்குகிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றாள் ரெஜினா.

“மொதல்ல அர்த்தம் கேப்போம்” என்றேன் நான். இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து என் கல்லறையில் பொறிக்கவும்.

எலிசபெத் அக்கா யோசிக்கவே இல்லை. ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டார். “ஏன் தம்பி, உங்களுக்கு ஞானஸ்நானம் எப்புடிக் குடுத்தாங்க?”

“கொழந்தையில, பழைய சபையில. நெத்தியில தண்ணி தெளிச்சாங்கக்கா.”

“அதானே பாத்தேன். தெளிச்சது பத்தல. முழுகு முழுகுன்னு கர்த்தர் சொல்றாரு. உங்களுக்குத்தான் புரியல.”

வாரம் திரும்புவதற்குள் அண்ணனுக்கும் அப்படியொரு சொப்பனம். வெள்ளை வேட்டியோடு நான் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறேன். உறுதி வந்துவிட்டது. எனக்கும் உண்மையிலேயே சந்தோஷம்தான். நான் நம்புகிறவன், கிண்டல் செய்துகொண்டே நம்புகிறவன். அது ஒரு தனி சாதி.

தக்காளித் தோட்டம் ஒன்றில் மார்பளவு தண்ணீர் நிற்கும் சிமென்ட் தொட்டி. விடியற்காலை நல்ல குளிர். கரையில் சபையார், டிரம்ஸ், என் ஸ்பீக்கர்கள். பாஸ்டரும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்து மல்லாக்கச் சாய்த்து முழுக்கி எடுத்தார்கள். எழுந்தேன். மூச்சு வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ பூட்டுப் போட்டமாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் கொரகொரவென்று நுரைதான் வந்தது. கை இரண்டும் தானாக மேலே போனது. உடம்பு உதறியது.

“அபிஷேகம் எறங்குது!” என்று கூவினார் எலிசபெத் அக்கா. பரிசுத்த ஆவி ஆள்மேல் இறங்குவதற்கு எங்கள் சபையில் அதுதான் பெயர்.

சபையே கைதட்டியது. டிரம்ஸ் வேகம் பிடித்தது. நான் காற்றுக்காகக் கையை ஆட்டினேன். அதைப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். பாஸ்டர் பரவசத்தில் கார்ட்லெஸ் மைக்கை என் வாயருகே பிடிக்க, என் மூச்சுத்திணறலை என் சொந்த ஸ்பீக்கர்களே தோட்டம் முழுக்க ஒலிபரப்பின. தரமான ஒலி, ஒரு எழுத்து விடுபடவில்லை. “அந்நிய பாஷை பேசறாரு!” என்றார் ஒருவர். ஆவி இறங்கியவர்கள் வாயில் வரும், யாருக்கும் புரியாத பாஷை அது. இன்னொருவர் ஒரு படி மேலே போய் அதற்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார். நான் தேசத்தின் எழுப்புதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனாம்.

தொட்டிக்குள் தொப்பென்று யாரோ குதித்தார்கள். ரெஜினா. பட்டுச்சேலையோடு.

“அது பாஷை இல்ல, மூச்சு! அவருக்கு மூச்சு முட்டுது! நகருங்க எல்லாரும்!”

அதுவும் மைக்கில் கேட்டது. அப்புறம்தான் டிரம்ஸ் நின்றது. நாற்காலி ஏற்றும் என் வண்டியிலேயே, நாற்காலிகளுக்கு நடுவில் என்னையும் ஒரு நாற்காலியாக உட்கார வைத்து, தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ரெஜினா ஈரச் சேலையோடு என் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அண்ணன் பக்கத்தில் ஜெபம் செய்துகொண்டே வந்தார். ஆனால் டிரைவரிடம், “மிதிப்பா, இன்னும் மிதி” என்று சொல்லவும் மறக்கவில்லை.

மூக்கில் ஆக்சிஜன், கையில் ஊசி, கீழே சிறுநீருக்குக் குழாய். ஊசியில் போனது தண்ணீரை வெளியேற்றும் மருந்து. பை நிறைய நிறைய மாற்றினார்கள். எனக்கு மூச்சு திரும்பத் திரும்ப, வெட்கமும் கூடவே திரும்பியது. இளவயது டாக்டரம்மா ஒருவர் வந்தார். எல்லா டாக்டர்களும் நாடி பார்ப்பார்கள். இவர் தலையணையைப் பற்றி விசாரித்தார்.

“எத்தன தலகாணி வெச்சுப் படுப்பீங்க?”

“மூணுங்க.”

“சின்ன வயசுல தொண்டவலி வந்து, அப்பறம் முட்டி வீங்கி ஜொரம் வந்து கெடந்திருக்கீங்களா?”

ஆமாம். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஜாலியாகக் கிடந்த நாட்கள் அவை. அன்றைக்கே என் இதயத்தில் வேலை ஆரம்பித்துவிட்டது என்று இவர் சொல்லித்தான் தெரிந்தது. தொண்டையில் வந்த கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பு, வழி தவறி இதயத்துக் கதவையும் அடித்துக் காயப்படுத்திவிடுமாம். காயம் ஆறி ஆறித் தடித்து, வருஷக்கணக்கில் அந்தக் கதவு ஒட்டிப்போகிறது.

“இதயத்துல நாலு கதவு இருக்குங்க. உங்களுக்கு அதுல ஒண்ணு பாதிகூடத் தொறக்கல. நுரையீரல்ல இருந்து வர்ற ரத்தத்துக்கு வழி இல்ல, பின்னாடியே தேங்குது. படுத்தா இன்னும் தேங்கும். அதுலருந்து தண்ணி கசிஞ்சு நுரையீரல்ல நெறையுது” என்றார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரல் இரண்டிலும் வெள்ளை வெள்ளையாக மூட்டம். “இதெல்லாம் தண்ணி.”

“மேடம், நான் ராத்திரி ராத்திரி காவேரியில முழுகறேனுங்க. சொப்பனத்துல.”

அவர் சிரிக்கவில்லை. “முழுகத்தான் செஞ்சிருக்கீங்க. காவேரி வெளிய இல்ல, உள்ள இருந்துச்சு” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் வார்டில் பல நாள் ஓட்டினேன். முதலில் கோபம் வந்தது. சொப்பனம் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அது உண்மையாகவே இருந்திருக்கிறது. தண்ணீர் என்றது, தண்ணீர்தான். மூச்சு முட்டுகிறது என்றது, முட்டியதுதான். ஒளிவுமறைவே இல்லாமல் நேராகச் சொன்ன ஒன்றை நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போய் அர்த்தம் கேட்டோம். நுரையீரல் பேசியது, கர்த்தர் பேசவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்த நுரையீரலை உண்டாக்கியது யார்? எனக்குக் கொடுத்திருந்த மைக்கே அதுதான். இராத்திரிக்கு இராத்திரி வால்யூமைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். பாவம், எத்தனை பொறுமை! இந்தச் சாலமோனோ சத்தம் கேட்டவுடன் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய், “என்னவோ கேக்குதே, என்னங்க அது?” என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. எக்கோ என்றார்கள். என் தொழிலில் எக்கோ வந்தால் கல்யாண வீட்டார் அடிக்க வருவார்கள், இங்கே எக்கோவுக்கு வரிசையில் நின்றேன். நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லி தடவி, ஒரு கருவியை வைத்துத் தேய்த்தால் டிவியில் இதயம் தெரிகிறது. என் கதவு சரியாகத் திறக்கவும் இல்லை, சரியாக மூடவும் இல்லை. அரசு அலுவலகக் கதவு மாதிரி இருந்தது. இன்னொரு நாள் தொண்டை வழியாக ஒரு குழாயை விழுங்கச் சொன்னார்கள். இதயத்தின் பின்பக்க அறையில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று உள்ளிருந்து பார்ப்பதற்காம். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் வாயருகே மைக் நீட்டியவனுக்கு அன்றைக்குச் சரியான கூலி கிடைத்தது.

காத்திருக்கும் தாழ்வாரத்தில்தான் உண்மையான பயம் இருக்கிறது. பெயரைக் கூப்பிடுகிறவரைக்கும் எல்லோரும் ஒருவர் பையில் இருந்ததை இன்னொருவர் பிட்டுத் தின்றுகொண்டு, ஒருவர் கதையை இன்னொருவர் முடித்துவைத்துக்கொண்டு இருப்போம். பெயர் கூப்பிட்டதும் பேச்சு அறுந்துபோகும். எழுந்து போகிறவரின் செருப்பைப் பக்கத்தில் இருப்பவர் காலால் ஓரமாக நகர்த்தி வைப்பார். அவர் திரும்பி வருவார் என்று சொல்வதற்கு எங்களிடம் இருந்த ஒரே வழி அது.

என் பக்கத்துக் கட்டில்காரர் கோவிந்தன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். நெஞ்சுவலி வந்து படுத்திருந்தார். என் சொப்பனத்தைக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

“நான் வருசம் பூரா அந்தத் தண்ணியிலதாங்க கெடக்கறேன். ஒரு நாளும் தண்ணி கனவுல வந்ததில்ல. எனக்கு பஸ்ஸுதான் வருது. ஏறப் போவேன், எடுத்துடுவான்.”

“எங்க சபையில சொன்னா அதுக்கும் அர்த்தம் இருக்குதுங்க.”

“வேணாம் சாமி. உங்க அர்த்தத்தப் பாத்தனே, தொட்டியில போட்டு முக்கறது. பஸ்ஸுக்கு என்னா பண்ணுவாங்களோ.”

கதவைச் சரிபண்ண முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானது. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைசிகிச்சை. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைக்கு இடம் கிடைத்தது. செலவைப் பெரும்பாலும் அரசு காப்பீட்டு அட்டை பார்த்துக்கொள்ளும், மீதிக்கு என் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டும் விலைபோயின. “தள்ளிப் போடாதீங்க. இன்னொரு தடவ தண்ணி நெறஞ்சா இந்த மாதிரி வண்டியில கொண்டாந்து சேக்கற அளவுக்கு நேரம் கெடைக்கும்னு சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா. சேலத்துக்கு அனுப்புகிற படிவத்தில் என்னோடு ரெஜினாவும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். இரத்தம் கொடுக்க ஆட்களும் வேண்டும்.

அண்ணன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். எலிசபெத் அக்காவும் கஞ்சித் தூக்கோடு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக என் கையில் வைத்தார். அப்புறம் சொன்னார்.

“கத்தி வைக்கறது பெரிய காரியம்டா. உறுதி வரட்டும்.”

“அண்ணா, வெள்ளிக்கெழமைக்கு எடம் கெடச்சிருக்குது.”

“கர்த்தருக்கு வெள்ளிக்கெழம தெரியாதா? சபை பூரா உபவாசம் இருந்து காத்திருக்கச் சொல்லியிருக்கறேன். ரெண்டு பேருக்குக் காட்டட்டும், நானே தூக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் ரெஜினா கையெழுத்துப் போட வேணாம்.”

அன்றிலிருந்து மாரண்டஹள்ளியில் ஒரு சபையே என் பொருட்டுத் தூங்க ஆரம்பித்தது. காலையில் வாட்ஸ்அப் குழுவில் சொப்பனங்கள் வந்து விழும். ஒருவர் வெள்ளைக் காளையைக் கண்டார். ஒருவர் நான் ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். ஒரு சகோதரிக்குக் கூடை நிறைய இட்லி தெரிந்தது. இரண்டு பேருக்கு ஒன்றாக எதுவும் வரவில்லை. காளை கண்டவர் இரண்டு நாள் கழித்து, ஓரத்தில் ஒரு பஸ்ஸும் நின்றமாதிரி ஞாபகம் என்று எழுதினார். அண்ணன் நேர்மையானவர், பின்னால் சேர்த்ததை ஏற்க மாட்டேன் என்று தள்ளிவிட்டார்.

கோவிந்தன் என் பக்கம் குனிந்து கேட்டார். “ரெண்டாவது ஆளா நான் பாத்துட்டேன்னு சொல்லட்டுங்களா? வேற சாமி கும்புடறவன் சொன்னா உங்காளுங்க ஒத்துக்குவாங்களா?”

யோசித்தால் அதில் பெரிய நியாயம் இருந்தது. வேதத்தில் மாடுகளைச் சொப்பனத்தில் கண்ட அந்த எகிப்து ராஜா எந்தச் சபையில் அங்கத்தினர்? கர்த்தர் அவனுக்குத்தானே காட்டினார்? புதன்கிழமை அண்ணனும், கஞ்சித் தூக்கோடு எலிசபெத் அக்காவும் வந்தபோது இதைக் கேட்டேன்.

“கண்டது அவனா இருக்கலாம். அர்த்தம் சொன்னது நம்மாளு” என்றார் அண்ணன், கண்ணிமைக்காமல்.

“சரிண்ணா. அவனுக்கு ஒரே விஷயம் ரெண்டு தடவதான் வந்துச்சு. ஒடனே நாடே கெளம்பி வேல பாத்துச்சு. எனக்கு எத்தன மாசமா வந்துச்சு! இன்னும் எப்புடிச் சொல்லணும் அவரு?”

“அது ஒருத்தனுக்கு வந்தது. ரெண்டாவது ஆளு எங்க?”

மேசை மேல் கிடந்த உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி ஜன்னல் பக்கம் பிடித்தேன். படம் வளைந்து சத்தம் போட்டது. “இந்தா. நான் கண்டதையேதான் இதுவும் கண்டிருக்குது. தண்ணி. எங்கிட்டக் கேட்டு எழுதுனது இல்ல, யாரும் இதுக்குச் சொல்லிக்குடுக்கல. ரெண்டு பேரு, ஒரே சொப்பனம். போதுமா?”

வார்டே பார்த்தது. அண்ணன் படத்தை வாங்கி, நிஜமாகவே உற்றுப் பார்த்தார்.

“எக்ஸ்ரே ஞானஸ்நானம் எடுத்துச்சாடா?”

கோவிந்தன் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலிக்கும், இருந்தும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. படத்தை உறைக்குள் பொறுமையாகச் செருகிக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசினார்.

“அப்பாவுக்குக் குடலெறக்க ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான்னாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன். யாரயும் கேக்கல, காத்திருக்கல, பேனாவ வாங்கிப் போட்டுட்டேன். அவரு எந்திரிக்கல. உனக்கு அப்ப வெவரம் தெரியாத வயசு. எனக்கு இந்தக் கையப் பாத்தா இன்னும்...” நிறுத்திக்கொண்டார். “இன்னொரு தடவ கேக்காமப் பண்ண மாட்டேன்.”

அவரோடு சண்டை போட வைத்திருந்த வசனங்களெல்லாம் எனக்கு மறந்துபோயின. எங்கள் சபையின் உறுதி வழக்கத்தைப் பற்றி நான் ஆயிரம் ஜோக் அடித்திருக்கிறேன். போர்வெல் ஜோக் மட்டுமே பத்து விதம். ஒரு மனிதன் தனியாகச் சுமக்க முடியாததை இன்னொரு ஆளோடு சேர்ந்து சுமக்க அதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று அன்றுவரை தோன்றியதே இல்லை.

அண்ணன் ரெஜினா பக்கம் திரும்பினார். “உனக்காச்சும் ஏதாவது காட்டுனாராம்மா? நல்லா யோசிச்சுப் பாரு. சின்னதா இருந்தாலும் சொல்லு.”

ரெஜினா என் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு முன்னால் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது, தொட்டிக்குள் குதித்த அன்றைக்குத்தான். இப்போது சத்தமே இல்லாமல் பேசினாள்.

“தூங்குனாத்தானுங்களே மாமா சொப்பனம் வரும்?”

“என்னாம்மா?”

“நான் தூங்கி எத்தன நாளாச்சு! வூட்லயும் அப்புடித்தான், இங்கயும் அப்புடித்தான். இவரு மூச்சு இழுக்கறதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பேன். கொஞ்சம் நின்னுச்சுன்னா தட்டி எழுப்புவேன். இவரு என்னமோ சொப்பனம் கண்டு தானா எந்திரிச்சமாதிரி சபையில சாட்சி சொல்லிட்டு இருந்தாரு. பாதி நாளு எழுப்புனது நானு.”

எலிசபெத் அக்கா கஞ்சித் தூக்கின் மூடியைத் திறந்து, காரணமில்லாமல் மறுபடி மூடினார்.

“தூங்கறவங்ககிட்டதான் கர்த்தர் பேசுவாருன்னா, முழிச்சிருக்கறவங்க என்னா மாமா பண்றது? எனக்கு ஒண்ணும் காட்டல. இவரு ஒதடு நீலமாவறத மட்டும்தான் கண்ணால பாத்தேன். எனக்கு அதுவே போதும்.” அண்ணன் கையைப் பார்த்தாள். “அப்பாவுக்கு நீங்க போட்டீங்க. இந்தத் தடவ நான் போடறேன். ஏதாச்சும் ஆச்சுன்னா அது என் கையில இருக்கட்டும், உங்க கை வேணாம்.”

எழுந்து நர்ஸ் மேசைக்குப் போனாள். பேனா கேட்டாள். அண்ணன் தடுக்கவில்லை. அவள் குனிந்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். கோவித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை என்னைச் சேலத்துக்கு மாற்றினார்கள். அங்கே சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு போகும் வழியில், இரத்தம் கொடுக்கும் இடத்தில் சபை இளைஞர்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் தலையில் அண்ணன். சட்டைக்கையை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். “நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காத. ரத்தம் வேற, சொப்பனம் வேற.” வயதைக் கேட்டுவிட்டு அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மனிதர் அவமானப்பட்டமாதிரி வெளியே உட்கார்ந்து, உள்ளே போய் வருகிற ஒவ்வொருவனுக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது ஜோக் எதுவும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிஷம் இருந்தது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். பயம் என்றால் என்ன என்று கேட்டால், நாக்கு காய்ந்து மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்வது, விளக்குகள் தலைக்கு மேலே ஒவ்வொன்றாகக் கடந்துபோவது, அவ்வளவுதான். ஜெபமும் வரவில்லை. ‘பார்த்துக்கோங்க’ என்று மட்டும் சொன்னேன். கர்த்தரிடம் சொன்னேனா, முகமூடி போட்ட டாக்டரிடம் சொன்னேனா என்று இன்றும் தெரியாது. இரண்டு பேரும் தலையாட்டியதாக வைத்துக்கொள்கிறேன்.

விழித்தபோது தொண்டையில் குழாய், பேச முடியாது. என்னை அறிந்த எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். ஐசியூவில் மருந்து மயக்கத்தில் எத்தனையோ வந்து போயின. கூரையில் நாற்காலிகள் நடந்தன, என் அப்பா வந்து வாடகை பாக்கி கேட்டார். இதெல்லாம் கனவா, சொப்பனமா? நான் யாரையும் கேட்கவில்லை. இருமும்போது தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டேன். இனி ஆயுளுக்கும் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, அவ்வப்போது இரத்தப் பரிசோதனை. மாத்திரையை விடவே கூடாது என்றார்கள். சபையில் யாராவது விசுவாசத்தில் நிறுத்திப் பாருங்கள் என்று சொன்னால், அவர் கண் முன்னாலேயே இன்னொன்று போட்டுக்கொள்வதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் எலிசபெத் அக்கா பார்க்க வந்தார். காலர் இல்லாத, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற சட்டை இரண்டு தைத்துக் கொண்டுவந்திருந்தார், நெஞ்சுத் தையலில் உரசாமல் இருக்க. அளவு கேட்கவே இல்லை, கச்சிதமாக இருந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, நீங்க எத வேணா சொல்லுங்க. அன்னிக்கி முழுகுனதாலதான ஆஸ்பத்திரிக்குப் போனீங்க? முழுகலன்னா இன்னும் மூணு தலகாணி நாலு தலகாணின்னு வூட்லயே கெடந்திருப்பீங்க. அப்ப நான் சொன்ன அர்த்தம் சரிதான?”

மருந்து, மாத்திரை, எக்ஸ்ரே, எகிப்து ராஜா என எதை எடுத்தாலும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. அதுதான் எரிச்சல். “மூலை சரிக்கா, ஆழம்தான் ஜாஸ்தியாயிடுச்சு” என்றேன். அவர் வெற்றியோடு காபி குடித்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் ரெஜினா தூங்கினாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “சும்மா தலைய சாய்க்கறேன்” என்றவள், சாயங்காலம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. பால்காரர் வந்தார், சத்தம் போடாமல் அனுப்பினேன். நாற்காலி வாடகைக்குக் கேட்டு வந்தவரையும் சைகையிலேயே அனுப்பினேன். தரையில் பாய் விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள், ஒரு கை தலைக்கு அடியில். நான் கட்டிலில் உட்கார்ந்து அவள் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலை. கண்ணை எடுக்க முடியாத வேலை.

விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்தாள். முடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, எந்த ஊரில் இருக்கிறோம் என்பதுபோல் சுற்றிப் பார்த்தாள். தனக்குள் என்னவோ நினைத்துச் சிரித்தாள்.

“என்ன சிரிப்பு? சொப்பனமா?”

“ஆமா.”

“என்னா வந்துச்சு?”

“சொல்ல மாட்டேன். அர்த்தம் சொல்லக் கெளம்பிடுவாங்க.”

“எங்கிட்டச் சொல்லேன்.”

“உங்ககிட்டயா?” பாயைச் சுருட்டிக்கொண்டே எழுந்தாள். “மைக் வெச்சிருக்கற மனுசன்கிட்ட யாராச்சும் சொல்லுவாங்களா?”

அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். உள்ளேயிருந்து இன்னும் சிரிக்கிற சத்தம் கேட்டது.